கழற்றிய போல்ட்டுகளை ஏன் கையில் கொடுப்பதில்லை

சென்ற முறை பட்டறைக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். வேறு ஊரில் வேலை பழகி வந்தவர். அங்கே எந்த இயந்திரத்தில் எதைக் கழற்றினாலும், வேலை முடிந்ததும் அந்தப் பழைய சாமானை உரியவரின் கையில் கொடுத்து அனுப்புவார்களாம். இங்கே மட்டும் ஏன் கழற்றியதை அங்கேயே பழைய இரும்புப் பீப்பாவுக்குள் போடச் சொல்கிறார்கள், வாடிக்கையாளர்கள் எங்களைச் சந்தேகிக்க மாட்டார்களா என்று கேட்டார்.

அன்று நான் பதில் சொல்லவில்லை. நின்றபடி சொல்லக்கூடிய பதில் அல்ல. ஓய்வுபெற்றவனுக்கு நேரம் இருக்கிறது, எழுதித் தருகிறேன்.

ஒரு காலத்தில் நாங்களும் அப்படித்தான் கொடுத்தோம். "பழைய சாமான் கைக்கு வந்தால்தான் வேலை முடிந்தது" என்பது திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் எல்லாப் பட்டறைகளிலும் இருந்த வழக்கம். படகுச் சொந்தக்காரர் பலகைக்கு அடியில் குனிந்து பார்க்கப் போவதில்லை. உடைந்த போல்ட் கையில் இருந்தால் புதியது உள்ளே போயிருக்கிறது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. எங்களுக்கும் அது கௌரவம். துடைத்து, எண்ணெய் தடவி, பையில் போட்டுக் கொடுப்போம்.

யுத்த காலத்திலும் அந்த வழக்கத்தை நாங்கள் விடவில்லை. அதுதான் இந்தக் கதை.

அக்காலத்தில் இந்த மாவட்டத்தில் போல்ட், நட், வொஷர் ஆகியவை சாதாரணப் பொருட்களாக இருக்கவில்லை. கிளைமோர் குண்டுகளுக்குள் நட்டும் வெட்டிய போல்ட்டும் அடைக்கப்படுவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குண்டு வெடித்த இடத்துச் சுவரில் அவை புதைந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அளவு சொல்லக்கூடிய அளவுக்குச் சில முழுதாக இருந்தன. ஆகவே சோதனைச்சாவடியில் நிற்கும் ஒருவர் ஒரு பை போல்ட்டைக் கண்டு மிரண்டால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் போகும் லோஞ்ச் படகுகளைக் கட்டிவைக்கும் ஜெட்டிக்குள் ஒரு புதிய போல்ட்டைக் கொண்டுபோவதற்கும் நாங்கள் முன்கூட்டியே அனுமதி வாங்குவோம். வாயிலில் நிற்பவர்களுக்கு என் முகமும் என் கருவிப் பெட்டியும் பழக்கம். பழைய போல்ட்டுக்கு அனுமதி வேண்டும் என்று மட்டும் எங்களுக்குத் தோன்றவில்லை. குப்பைக்கு யார் அனுமதி கேட்பார்?

மூதூருக்கும் நகரத்துக்கும் இடையில் ஆட்களை ஏற்றிய லோஞ்ச் ஒன்றில் யோகராசா என்பவர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவராக இருந்தார். முப்பது வயதை ஒட்டியவர். ஊர் மூதூருக்கும் அப்பால். அந்தப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து, மனைவி தவமணியோடு நகரத்தின் ஓரத்தில் ஓர் அறை எடுத்திருந்தார். ஆனால் அடையாள அட்டையில் பழைய ஊரின் பெயர்தான் இருந்தது. அந்த ஊரின் பெயரை அக்காலத்தில் எந்தச் சாவடியிலும் இரண்டு முறை வாசிப்பார்கள்.

அந்த லோஞ்ச்சில் இயந்திரத்தையும் விசிறித் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கில் ஒரு போல்ட் உடைந்தது. இன்னும் இரண்டு வளைந்திருந்தன. ஒன்று உடைந்தால் முழுவதையும் மாற்றுவது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கப்ளிங்கில் ஆறு துளைகள். எங்கள் லேத்காரர் ஹனீபா, பழைய ஆறையும் மாதிரியாக வைத்துக்கொண்டு புதிய ஆறைக் கடைந்து தந்தார். அனுமதியோடு கொண்டுபோய்ப் பூட்டினேன். பழையவை பட்டறை மேசையில் கிடந்தன. அவற்றை வாங்கிப்போக ஒரு வெள்ளிக்கிழமை காலையில் யோகராசா வந்தார்.

"முதலாளி பழசைக் கண்டால்தான் நம்புவாரோ?" என்று கேட்டேன். லோஞ்ச்சின் முதலாளி மூதூரில் இருந்தார். இக்கரைக்கு வருவதை நிறுத்தி வெகுகாலம்.

"கண்டாலும் நம்ப மாட்டார், பாஸ். காணாட்டில் நித்திரை கொள்ள மாட்டார்" என்றார் யோகராசா. பட்டறையில் என்னை எல்லோரும் பாஸ் என்றுதான் அழைப்பார்கள்.

ஆறு போல்ட்டையும் அவற்றின் ஆறு நட்டையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவர் போயிருந்தார். வாசலில் ஹனீபாவின் லேத் ஓடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் ஹனீபா ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் போன பிறகு தவமணி வந்தார். ஓடி வந்தவர் போலத் தெரியவில்லை. வழியில் ஓடினால் யாராவது நிறுத்துவார்கள் என்று நடந்தே வந்திருக்கிறார். ஆனால் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

"அண்ணன், ஜெட்டி வாசல்ல அவரைப் பிடிச்சு வைச்சிருக்கினமாம். உங்கட பையோட. தேத்தண்ணிக் கடைக்காரர் சொல்லி அனுப்பினவர்."

"என்ன சொல்லிப் பிடிச்சவங்கள்?"

"உடைஞ்ச போல்ட்டை ஒரு மனிசன் ஏன் காவித் திரியிறான் எண்டு கேட்டவங்களாம்."

நியாயமான கேள்வி. எங்கள் வழக்கத்தை அறியாத எவரும் அதைத்தான் கேட்பார்.

"நீங்கதானே பூட்டினனீங்கள். உங்கட வாயால ஒருக்காச் சொன்னால் விட்டிடுவாங்கள்" என்றார் தவமணி. "பின்னேரம் ஆனால் வேற இடத்துக்கு ஏத்திப்போடுவாங்கள், அண்ணன். பிறகு தேட ஏலாது."

பொழுது சாய்வதற்குள் விடப்படாதவர்கள் அங்கிருந்து மாற்றப்படுவார்கள் என்பது உண்மை. மாற்றப்பட்டவர்களில் சிலர் திரும்பி வந்ததும் உண்மை, சிலர் வராததும் உண்மை. இப்படியான இடங்களுக்கு நான் ஹனீபாவோடுதான் போவேன். அவருடைய சிங்களம் சரளமானது. அதைவிட, எந்த இடத்தில் பேச்சை நிறுத்துவது என்று அவருக்குத் தெரியும். "பாஸ், நீங்க ஒரு கேள்விக்கு மூண்டு பதில் செல்ற ஆள். ஆமிச் சென்றியில அப்பிடிச் செஞ்சா மூண்டுக்கும் கேள்வி வரும்" என்று என்னைக் கேலி செய்வார். அவர் தொழுகை முடிந்து, சாப்பிட்டுத்தான் வருவார். நான் காத்திருக்கவில்லை. தவமணியைப் பட்டறையில் இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன்.

ஜெட்டி வாசலை அடுத்த முகாமில் என்னிடம் பேசிய அதிகாரி இளைஞர். கதிரை காட்டி உட்காரச் சொன்னார். கந்தளாய்ப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு சிங்களக் கான்ஸ்டபிள் மொழிபெயர்த்தார். அவருடைய தமிழ் எங்கள் தமிழேதான். வயல்காரரின் தமிழ்.

பை யாருடையது, எதற்காகக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். வழக்கத்தைச் சொன்னேன். கான்ஸ்டபிளுக்கு அது தெரிந்திருந்தது. தன் ஊரில் உழவு இயந்திரம் திருத்துபவரும் அப்படித்தான் கொடுப்பார் என்று தானாகவே சேர்த்துச் சொன்னார்.

"எத்தனை கொடுத்தீர்கள்?"

"ஆறு போல்ட், ஆறு நட்."

யோசிக்காமல் சொன்னேன். கேட்ட கணத்தில் எண்ணிக்கை சொல்ல முடியாதவனை எங்கள் தொழிலில் வேலைக்காரன் என்று எண்ணுவதில்லை.

அதிகாரி எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டார். பிறகு, பையில் உள்ள அனைத்தும் லோஞ்ச்சில் கழற்றியவை என்றுதான் பிடிபட்டவரும் சொல்கிறார், அப்படியானால் அவற்றைப் பொருத்திக் காட்ட முடியுமா என்று கேட்டார். பொருந்தினால் மாலைக்கு முன்னர் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயரையும் முகத்தையும் பார்த்துத் தீர்மானிக்கிற காலத்தில், ஒருவர் இரும்பைப் பார்த்துத் தீர்மானிப்பதாகச் சொல்கிறார். இரும்பு எங்கள் பக்கம் இருந்தது. அப்படித்தான் நம்பினேன்.

ஜெட்டிக்கு யோகராசாவையும் கொண்டுவந்தார்கள். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. என்னைக் கண்டதும் அவருடைய முகம் மலரவில்லை. வாடியது. அது எனக்கு விளங்கவில்லை. அடி விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

லோஞ்ச்சின் தளப் பலகையைத் தூக்கிவிட்டு, புதிய போல்ட் ஒன்றைக் கழற்றி, கான்ஸ்டபிள் பையிலிருந்து நட்டோடு எடுத்துத் தந்த பழையவற்றை அந்தத் துளையில் ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டினேன். வளைந்தவை எந்த இடத்தில் சிக்கின என்று காட்டினேன். உடைந்ததன் இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்தேன். முறிவு முறிவோடு உட்கார்ந்தது. காவலுக்கு வந்த சிப்பாய்கூடத் துப்பாக்கியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு குனிந்து பார்த்தான். அதிகாரி தலையாட்டினார். "சரி" என்றார். அந்த ஒரு சொல்லை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

பிறகு அவர் பையை வாங்கி இயந்திரத்து மூடியின்மேல் கவிழ்த்தார்.

ஒரு கைப்பிடி நட் உருண்டு விழுந்தது. பெரியது, சிறியது, பழைய சதுர நட் ஒன்றிரண்டு. ஒன்றுகூட அந்தக் கப்ளிங்கில் ஏறக்கூடியது அல்ல. அவை எங்கள் வாசல் பீப்பாவில் கிடந்தவை என்று பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது. எப்படிப் பைக்குள் வந்தன என்று தெரியவில்லை.

அதிகாரி அவற்றை விரலால் தள்ளி வரிசையாக்கினார். "இவை?"

நான் ஏற்கெனவே ஆறு என்று சொல்லியிருந்தேன். ஆறும் பொருந்தியதைக் காட்டியும் இருந்தேன். அந்த ஆறு எவ்வளவு நிச்சயமோ, மிச்சம் அங்கே கிடந்தவை வேறு எங்கிருந்தோ வந்தவை என்பதும் அவ்வளவு நிச்சயம். அதை நிரூபித்தவன் நான்தான்.

கான்ஸ்டபிள் என் பக்கம் திரும்பி, மொழிபெயர்ப்பது போன்ற குரலிலேயே, "பாஸ், ஏதாவது சொல்லுங்கோ, கெதியாச் சொல்லுங்கோ" என்றார்.

"அதுவும் நான்தான் குடுத்தனான்" என்றேன்.

அதே நேரத்தில் யோகராசாவும் பேசினார். "பாசுக்குத் தெரியாது. நான்தான் அள்ளினனான்."

இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. கான்ஸ்டபிள் இரண்டையும் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. முதலில் எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

யோகராசா சொன்னது இதுதான். லோஞ்ச் கட்டிக் கிடக்கிற நேரங்களில் அவர் கைத்தூண்டில் போடுவார். ஈயம் கிடைப்பதில்லை. தூண்டில் நூல் தாழ்வதற்கு நட்டைக் கட்டுவார்கள். துறைமுகத்துக்குள் மீன்பிடிப்பது அப்போது தடை; சொன்னால் ஜெட்டிக்குள் வருகிற அனுமதி அட்டை போய்விடும், அட்டை போனால் வேலை போய்விடும். ஆகவே காலையில் கேட்டபோது எல்லாம் லோஞ்ச்சில் கழற்றியவைதான் என்று சொல்லிவிட்டார்.

"தூண்டில் எங்கே?" என்று அதிகாரி கேட்டார்.

"போன கிழமை சோதனை வருது எண்டாங்கள். பயத்தில கடலுக்குள்ள போட்டிட்டன். புதுசா ஒண்டு கட்டத்தான் இதுகளை எடுத்தனான்."

கான்ஸ்டபிள் இதை மெதுவாக மொழிபெயர்த்தார். தன் மொழியில் அதைக் கேட்கும்போது அது எப்படி ஒலிக்கிறது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அதிகாரி கோபப்படவில்லை. என்னிடம் திரும்பி, "முகாமில் ஆறு என்று யோசிக்காமல் சொன்னீர்கள். அதனால்தான் உங்களை நம்பினேன். இப்போது யோசித்துவிட்டுச் சொல்கிறீர்கள்" என்றார். பிறகு என்னைப் போகச் சொன்னார். என்னையும் பிடித்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஆறு போல்ட்டும் பொருந்தியதற்காக விட்டார் என்று நினைக்கிறேன்.

பட்டறைக்கு வந்தபோது ஹனீபா லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தவமணி எழுந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன். நான் முடிப்பதற்கு முன்னர் ஹனீபா துணியைக் கீழே போட்டார்.

"எனக்கு முன்னாலதானே பாஸ் அவன் பொறுக்கினவன்! 'என்னடா, கடலையும் நட்டுப் போட்டுப் பூட்டப் போறியா' எண்டு கேட்டன். 'பாரை மீனுக்குத் தூண்டில் கட்ட, ஹனீபா நானா' எண்டு சிரிச்சான். என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருக்கலாமே."

"நீங்கள் அப்ப பள்ளிவாசல்ல."

தவமணி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். யோகராசாவின் கதை உண்மை என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் காலை முழுவதும் இந்த வாசலில்தான் நின்றிருந்தார் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

ஹனீபா அப்போதே புறப்பட்டார். வாயிலில், இன்று யாரையும் பார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் விடியப் போனார். உள்ளே விட்டார்கள், கேட்டார்கள், எழுதினார்கள். உன்னை அனுப்பியது உன் பாஸா என்று ஒரு முறை கேட்டார்களாம். எல்லாம் எழுதி முடிந்த பிறகு, அந்த ஆள் நேற்றுப் பின்னேரமே இங்கிருந்து போய்விட்டார் என்றார்கள். எங்கே என்று அவர்கள் சொல்லவில்லை. கான்ஸ்டபிள் வெளியே வந்து ஹனீபாவுக்கு ஒரு சிகரெட் கொடுத்தாராம். அவருக்கும் தெரியாதாம்.

அடுத்த கிழமை மூதூர் முதலாளியின் ஆள் வந்து, பழைய சாமான் இன்னும் வந்து சேரவில்லை என்றார். கேலிக்காக அல்ல, வழக்கப்படி கேட்டார். ஹனீபா லேத்தை நிறுத்தாமலே சொன்னார்: "ஒங்கட முதலாளிக்குச் செல்லுங்க, அதெல்லாம் அரசாங்கத்துக்கிட்டப் பத்திரமா இருக்கு."

அன்றிலிருந்து இந்தப் பட்டறையில் கழற்றியது எதுவும் வாசலைத் தாண்டுவதில்லை. சில வாடிக்கையாளர்கள் எங்களைச் சந்தேகித்து வேறு பட்டறைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டோம். யுத்தம் முடிந்த பிறகும் இதை மாற்ற எவருக்கும் மனம் வரவில்லை. உங்களுக்குச் சொல்லப்பட்ட சட்டத்தின் கதை இவ்வளவுதான்.

இதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஒருவருக்காகப் பேசப் போகுமுன் அவர் என்ன சொல்லியிருக்கிறார் என்று அறிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் தெரிந்தது என்று காட்டாதீர்கள். இதை இளையவர்களுக்கு நான் பல முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று அவரிடம் கேட்க வழி இருக்கவில்லை. காத்திருந்தால் பின்னேரம் ஆகியிருக்கும். போனது பிழையா என்று பல வருடம் யோசித்தேன். போகாமல் இருந்திருந்தால் அதையும் இதே போல யோசித்திருப்பேன். கப்ளிங்கில் எந்தப் போல்ட் முதலில் விட்டுக்கொடுத்தது என்று முறிவைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இதில் அப்படிச் சொல்ல முடியவில்லை.

தவமணி அந்த அறையிலேயே இருந்தார். தெற்கில் ஒவ்வொரு தடுப்பு முகாமாகப் போய்க் கேட்டார். திரும்பி வரும்போதெல்லாம் பட்டறைக்கு வருவார். தவமணிக்குத் தெரிந்தவர்களில் யோகராசாவைக் கடைசியாகப் பார்த்தவன் நான் மட்டுமே. என்ன உடுத்தியிருந்தார், காலில் செருப்பு இருந்ததா, முகத்தில் காயம் இருந்ததா என்று கேட்பார். கண்டதைக் கண்டபடி சொல்வேன். நீலக் கட்டம் போட்ட சாரம். செருப்பு இல்லை. இடது புருவத்தின்மேல் சிறிய வெட்டு, இரத்தம் காய்ந்திருந்தது. ஒவ்வொரு முறையும் அதே சொற்கள். அவர் தலையாட்டிக் கேட்பார்.

ஒரு நாள் புதிதாக ஒன்றைக் கேட்டார்.

"என்னைப் பற்றி ஏதும் கேட்டவரோ, அண்ணன்?"

யோகராசா கேட்கவில்லை. ஜெட்டியில் நின்ற நேரம் முழுவதும் அவர் மனைவியின் பெயரையே எடுக்கவில்லை. தவமணி எங்கள் பட்டறையில்தான் இருக்கிறார் என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

"ஓம், கேட்டவர்" என்றேன். "தவமணி சுகமா எண்டு கேட்டவர்."

தவமணி தலையை அசைத்தார்.

"இல்லை, அண்ணன். அவர் கேட்டிருக்க மாட்டார். அதில நிண்டு என்ர பேரைச் சொன்னால் என்னையும் தேடி வருவாங்கள் எண்டு அவருக்குத் தெரியும்." சேலைத் தலைப்பைத் தோளுக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். "நீங்க கண்டதை மட்டும் சொல்லுங்கோ. முதல்ல இருந்து சொல்லுங்கோ."

முதலில் இருந்து சொன்னேன்.